பாட்டுக்குக் கிடைத்த விடுதலை

நிலம் உடையவனுக்கு எல்லைக்கல் உண்டு. வீடு உடையவனுக்குப் பத்திரம் உண்டு. பாட்டு உடையவனுக்கு என்ன உண்டு? பேழையிலுள்ள பொன்னை ஒருவன் கவர்ந்து சென்றால் பேழை வெறிதாகும். புலவன் பாடிய பாட்டைப் பிறனொருவன் எடுத்துப் பாடினாலோ, புலவன் நெஞ்சம் வெறிதாவதில்லை. ஆதலால், எழுத்தும் ஒருவருடைய உடைமையாகுமோ என்னும் வினா நெடுங்காலம் எழவே இல்லை. எழுந்த பின்னரோ, அதற்குத் தக்க விடை காண்பதற்கு உலகம் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் முயன்றது. அவ்வினாவும் விடையும் நம் தமிழகத்தில் ஒரு பெருங்கவிஞருடைய வாழ்வோடு பின்னிக் கிடக்கின்றன. அக்கவிஞர் சுப்பிரமணிய பாரதியார் ஆவார்.

ஏடும் அச்சும்

பழங்காலத்தில் நூல்களின் நிலை எவ்வாறு இருந்தது என்பதை முதலில் அறிதல் வேண்டும். பதினைந்தாம் நூற்றாண்டில் திருவண்ணாமலையில் வாழ்ந்த அருணகிரிநாதர் திருப்புகழ்ப் பாடல்களைப் பாடினார். அவற்றைக் கேட்டவர் கற்றனர், கற்றவர் பாடினர், எழுத வல்லவர் ஏட்டில் எழுதிக்கொண்டனர். அவ்வாறு எழுதுவதற்கு எவரும் எவரிடமும் இசைவு கேட்கவில்லை, பொருளும் கொடுக்கவில்லை. பாடல்கள் எல்லார்க்கும் பொதுவாய் இருந்தன. ஆயினும், எல்லார்க்கும் பொதுவாய் இருந்த அவற்றைக் கட்டிக் காப்பாரும் இலராயினர். அருணகிரியார் பாடியவை பதினாறாயிரம் என்று மரபு கூறுகின்றது. இன்று நமக்குக் கிடைப்பவை ஏறத்தாழ ஆயிரத்து முந்நூறே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வ. த. சுப்பிரமணிய பிள்ளை என்னும் பெரியார் ஊர்தோறும் ஏடு தேடித் தொகுத்து அச்சிட்டிராவிடில், அவற்றிலும் பல மறைந்து போயிருக்கும்.

ஏட்டுக் காலத்தில் ஒரு நூலைப் படியெடுப்பது பல நாள் உழைப்பாகும். அவ்வுழைப்பால் வரும் ஊதியமோ சிறிது. ஆதலின் பிறர் நூலைப் படியெடுத்து விற்றுப் பொருள் குவிக்க எவரும் எண்ணியதில்லை. புலவர்களும் நூலை விற்று வாழ்ந்தாரல்லர். வள்ளல்கள் அளித்த பரிசிலால் வாழ்ந்தனர். அச்சுப்பொறி வந்ததும் இந்நிலை மாறிற்று. ஒருமுறை எழுத்துக் கோத்துவிட்டால் ஆயிரம் படிகளை எளிதில் எடுத்துவிடலாம். ஒருவர் அரும்பாடுபட்டு எழுதி அச்சிட்ட நூலை, மற்றொருவர் எழுதிய உழைப்பும் இன்றி, எழுதியவர்க்குக் கொடுக்க வேண்டிய பொருளும் இன்றி, மலிவான தாளில் மீண்டும் அச்சிட்டுக் குறைந்த விலைக்கு விற்கலாம். அதனால் முதலில் அச்சிட்டவர் இழப்புறுவார். எழுதியவர் பட்டினி கிடப்பார். இத்தீங்கைத் தடுக்கவே சட்டம் தேவைப்பட்டது.

சட்டம் பிறந்த கதை

இங்கிலாந்தில் நெடுங்காலம் அச்சிடும் உரிமை அச்சகத்தார் சங்கத்தின் கையில் இருந்தது. நூலாசிரியர் தம் கைப்படியை ஒரு சிறு தொகைக்கு விற்றுவிட்டால், அதன் பின்னர் அந்நூல் ஆயிரக்கணக்கில் விற்றாலும் அவருக்கு யாதொரு பயனும் இல்லை. ஆன் அரசியார் காலத்தில், 1710ஆம் ஆண்டில், இதனை மாற்றும் சட்டம் ஒன்று நடைமுறைக்கு வந்தது. நூலுக்கு உரிமையாளர் அதனை ஆக்கிய ஆசிரியரே என்று நாடாளுமன்றச் சட்டம் ஒன்று ஏற்றுக்கொண்டது அதுவே முதன்முறை. புதிய நூலுக்குப் பதினான்கு ஆண்டுகள் உரிமை உண்டு. அக்காலம் கழிந்த பின்னும் ஆசிரியர் உயிரோடிருப்பின் மேலும் பதினான்கு ஆண்டுகள் உண்டு. அதன் பின்னர் எவரும் அந்நூலை அச்சிடலாம்.

இவ்வரம்பைப் புத்தக வணிகர் பலர் விரும்பவில்லை. வாங்கிய நிலம் வழிவழியாக உரியதாவது போல, வாங்கிய நூலும் என்றென்றைக்கும் தமக்கே உரியது என்று அவர்கள் வாதிட்டனர். எடின்பரோ நகரத்துப் புத்தக வணிகர் டொனால்ட்சன் என்பவர் இதனை எதிர்த்து வழக்காடினார். 1774ஆம் ஆண்டில் பிரபுக்கள் சபை அவர் பக்கமே தீர்ப்பளித்தது. நூலுரிமை முடிவற்றதன்று, சட்டம் வகுத்த காலம் முடிந்தபின் நூல் மக்களுடைய பொதுச் செல்வமாகும் என்பது அத்தீர்ப்பால் உறுதியாயிற்று. உழைத்தவனுக்கு ஒரு காலம் வரை உரிமை, அதன் பின் உலகிற்கு உரிமை என்னும் இந்த இரு கூறுகளும் சேர்ந்ததே பதிப்புரிமை என்பதை நாம் மனத்திற் கொள்ள வேண்டும்.

நம் நாட்டில் கிழக்கிந்தியக் கம்பெனியார் ஆண்ட காலத்தில், 1847ஆம் ஆண்டில், முதற் பதிப்புரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. ஆசிரியரின் வாழ்நாளும் அதன் பின் ஏழாண்டும், அல்லது நூல் வெளிவந்ததிலிருந்து நாற்பத்திரண்டு ஆண்டும், இவ்விரண்டில் எது நீண்டதோ அதுவரை உரிமை நிலைக்கும் என்று அது விதித்தது. பின்னர் 1914ஆம் ஆண்டுச் சட்டம் இக்காலத்தை ஆசிரியரின் வாழ்நாளும் அதன்பின் ஐம்பது ஆண்டும் என்று நீட்டியது. நூலை அச்சிடும் உரிமையேயன்றி, இசைத்தட்டில் பதியும் உரிமையும் திரைப்படத்தில் அமைக்கும் உரிமையும் அச்சட்டத்தில் இடம் பெற்றன. அவ்வுரிமைகளைத் தனித்தனியே பிரித்து விற்கவும் அது இடம் தந்தது. இச்சட்டம் வந்தபோது பாரதியார் புதுச்சேரியில் வறுமையோடு போராடிக் கொண்டிருந்தார்.

இளமை

பாரதியார் 1882ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 11ஆம் நாள் எட்டயபுரத்தில் பிறந்தார். தந்தையார் சின்னசாமி ஐயர். தாயார் இலக்குமி அம்மாள். பெற்றோர் இட்ட பெயர் சுப்பிரமணியன். ஐந்தாம் வயதில் அன்னையை இழந்த அச்சிறுவர், தனிமையில் இயற்கையையும் தமிழையும் துணையாகக் கொண்டு வளர்ந்தார். பதினோராம் வயதில் எட்டயபுரத்துப் புலவர் அவையில் தம் கவித்திறனைக் காட்டிப் பாரதி என்னும் பட்டம் பெற்றார். பெற்றோர் இட்ட பெயரினும் புலவர் தந்த பெயரே பின்னர் நிலைத்தது.

தந்தையார் இயந்திர நுட்பத்தில் நாட்டமுடையவர். எட்டயபுரத்தில் பஞ்சாலை ஒன்றை நிறுவ முயன்று, அதில் பெரும் பொருள் இழந்தார். அத்துயரோடு 1898ஆம் ஆண்டில் உயிர் நீத்தார். அதற்கு முந்திய ஆண்டில்தான் பாரதியாருக்கும் செல்லம்மாளுக்கும் திருமணம் நடந்திருந்தது. தந்தையை இழந்த பாரதியார் காசிக்குச் சென்று, அத்தையார் வீட்டில் தங்கி வடமொழியும் இந்தியும் கற்றார். சில ஆண்டுகளுக்குப்பின் எட்டயபுரம் திரும்பி, அரண்மனையில் பணி புரிந்தார். 1904ஆம் ஆண்டில் மதுரைச் சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில திங்கள் தமிழாசிரியராக இருந்தார். அவ்வாண்டின் இறுதியில் ஜி. சுப்பிரமணிய ஐயர் அழைக்கச் சென்னை சென்று, சுதேசமித்திரன் நாளிதழில் துணையாசிரியராக அமர்ந்தார். அரண்மனைப் புலவராக வாழ்ந்திருக்கக் கூடியவர் அச்சகத்தின் வாயிலுள் நுழைந்தார். அது முதல் அவருடைய புரவலர் மன்னரல்லர். தமிழ் மக்களே ஆவர்.

மக்களுக்கு அளித்த பாட்டு

வங்கப் பிரிவினையால் நாடெங்கும் சுதேசிக் கனல் மூண்டிருந்த காலம் அது. பாரதியார் 1906ஆம் ஆண்டில் இந்தியா என்னும் கிழமை இதழின் பொறுப்பை ஏற்றார். கற்றோரே சுவைக்கத்தக்க கடுநடையை விடுத்து, உழவரும் சிறுவரும் பாடத்தக்க எளிய மெட்டுகளில் நாட்டுப் பாடல்களைப் பாடினார். அவருடைய அரசியற் கொள்கைக்கு மாறான மிதவாதக் கொள்கை உடையவர் வி. கிருஷ்ணசாமி ஐயர். அவரே அப்பாடல்களைக் கேட்டு உருகி, 1907ஆம் ஆண்டில் சிலவற்றைத் தம் செலவில் அச்சிட்டுப் பதினையாயிரம் படிகளை இலவசமாக வழங்கச் செய்தார். மறு ஆண்டில் சுதேச கீதங்கள் என்னும் நூல் வெளிவந்தது.

அப்பாடல்களைத் தொண்டர்கள் கூட்டங்களில் பாடினர். மாணவர்கள் கடற்கரையில் பாடினர். பாடியவர் எவரும் கவிஞரின் இசைவை வேண்டி நிற்கவில்லை. அவரும் அதனை எதிர்பார்க்கவில்லை. ஊரெல்லாம் தம் பாட்டைப் பாட வேண்டும் என்பதே அவருடைய விருப்பம். ஆயினும், அவருக்கும் வயிறு இருந்தது. மனைவி மக்கள் இருந்தனர். பாட்டைப் பரப்புவதற்குத் தடையின்மையும், பாடியவர் வாழ்வதற்கு ஊதியமும் ஆகிய இரண்டும் வேண்டும் என்னும் உண்மையை அவருடைய வாழ்வைப்போல் தெளிவாக உணர்த்துவது வேறொன்றில்லை.

புதுச்சேரி வாழ்வு

1908ஆம் ஆண்டில் அடக்குமுறை கடுமையாயிற்று. இந்தியா இதழின் ஆசிரியராகச் சட்டப்படி பெயர் பதிந்திருந்த சீனிவாசன் என்பவர் சிறைப்பட்டார். நண்பர்கள் வற்புறுத்தவே, பாரதியார் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குச் சென்று அடைக்கலம் புகுந்தார். இதழ் அங்கிருந்தும் வெளிவந்தது. பிரிட்டிஷ் எல்லைக்குள் அதனை வரவிடாமல் அரசினர் தடுத்தனர். 1910ஆம் ஆண்டில் இதழ் நின்றது. அவ்வாண்டில் இயற்றப்பட்ட கொடிய அச்சகச் சட்டத்தின்படி, அவருடைய கனவு, ஆறில் ஒரு பங்கு என்னும் இரு சிறு நூல்களும் 1911ஆம் ஆண்டில் தடை செய்யப்பட்டன.

இங்கே ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். எழுத்தைக் காக்கும் சட்டமும் இருந்தது. எழுத்தை ஒடுக்கும் சட்டமும் இருந்தது. பாரதியாரின் வாயிலைத் தேடி வந்தது ஒடுக்கும் சட்டமே. காக்கும் சட்டத்தால் அவர் வாழ்நாளில் பெரும்பயன் எதுவும் பெற்றிலர். விற்பனையாகும் நூலுக்கு அன்றோ பதிப்புரிமை பொருள் தரும்? படிப்பவர் கைக்குப் போகவிடாமல் தடுக்கப்பட்ட நூலுக்கு அவ்வுரிமையால் யாது பயன்?

எனினும், அந்த வறுமைக் காலமே தமிழுக்கு வளமான காலமாயிற்று. பாஞ்சாலி சபதமும் கண்ணன் பாட்டும் குயிலும் புதுச்சேரியில் பிறந்தன. பாஞ்சாலி சபதத்தின் முற்பகுதி மட்டும் 1912ஆம் ஆண்டில் அச்சேறியது. பிற்பகுதியைக் கவிஞர் தம் வாழ்நாளில் அச்சில் காணவில்லை. பாரதியாரைத் தமையனாராகப் போற்றிய பரலி சு. நெல்லையப்பர், தம் சிறு வருவாயைப் பொருட்படுத்தாது கண்ணன் பாட்டு முதலிய சில நூல்களைச் சென்னையில் வெளியிட்டார். எஞ்சியவை கையெழுத்துப் படிகளாகவே பெட்டிக்குள் கிடந்தன.

நிறைவேறாத திட்டம்

1918ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் பாரதியார் புதுச்சேரியை விட்டு வெளியேறினார். கடலூர் அருகே கைது செய்யப்பட்டுச் சில வாரம் சிறையிலிருந்து விடுதலை பெற்றார். பின்னர் மனைவியாரின் ஊராகிய கடையத்தில் வாழ்ந்தார். வருவாய் இல்லை, வாழ்வதற்கு வழியும் தெளிவாக இல்லை. ஆயினும் தம் எழுத்தின் மதிப்பில் அவருக்கு இருந்த நம்பிக்கை குன்றவில்லை.

1920ஆம் ஆண்டில் அவர் ஒரு பெருந்திட்டம் வகுத்தார். தம் கையெழுத்துப் படிகளையெல்லாம் நாற்பது நூல்களாக வகுத்து, ஒவ்வொன்றிலும் பதினாயிரம் படி அச்சிட வேண்டும் என்பது அத்திட்டம். மொத்தம் நான்கு இலட்சம் படிகள்! அதற்குரிய முதலை அவர் இரந்து கேட்கவில்லை. நண்பர் ஒவ்வொருவரும் நூறு ரூபாய் அளவில் கடனாகத் தருக என்று வேண்டினார். வட்டியோடு திருப்பித் தருவதாகவும் உறுதி கூறினார். வீடுதோறும் மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் வாங்கப்படுவது போலத் தம் நூல்களும் வாங்கப்படும் என்று அவர் உறுதியாக நம்பினார்.

இத்திட்டத்தைக் கவிஞரின் பகற்கனவு என்று சிலர் கருதக்கூடும். அது பகற்கனவன்று. வள்ளல்களின் பரிசிலை எதிர்நோக்கும் பழைய வாழ்வும் வேண்டா. நூலை ஒரே விலையாக விற்றுவிட்டு ஏங்கும் வாழ்வும் வேண்டா. தம் நூலுக்குத் தாமே உரிமையாளராய், மலிவு விலையில் மக்களிடம் சேர்த்து, அதன் ஊதியத்தால் மானத்தோடு வாழ வேண்டும் என்று முதன்முதல் எண்ணிய தமிழ் எழுத்தாளர்களுள் அவர் ஒருவர். ஆனால், கடன் கொடுக்க முன்வந்தவர் மிகச் சிலர். திட்டம் ஏட்டளவில் நின்றுவிட்டது.

அவ்வாண்டின் இறுதியில் பாரதியார் மீண்டும் சுதேசமித்திரனில் பணியேற்றுச் சென்னை சென்றார். 1921ஆம் ஆண்டில் திருவல்லிக்கேணிக் கோயில் யானை ஒரு நாள் அவரைத் தள்ளி வீழ்த்தியது. அக்காயத்தினின்றும் தேறினாரெனினும், பின்னர் வயிற்று நோய் வாட்டவே, செப்டம்பர்த் திங்கள் 11ஆம் நாள் நள்ளிரவு கடந்த வேளையில் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு முப்பத்தொன்பது வயதும் நிரம்பவில்லை. அவர் விட்டுச் சென்ற செல்வம் கையெழுத்துப் படிகள் நிறைந்த பெட்டி ஒன்றே.

கைமாறிய உரிமை

கவிஞர் மறைந்தபின் அவருடைய உரிமை சட்டப்படி குடும்பத்தாரைச் சேர்ந்தது. செல்லம்மாள் தம் தமையனாரின் துணையோடு பாரதி ஆச்சிரமம் என்னும் பதிப்பகத்தைத் தொடங்கி, 1922ஆம் ஆண்டில் சுதேச கீதங்களை வெளியிட்டார். பெண்கள் வீட்டைவிட்டு வெளியே வருவதே அரிதாயிருந்த அக்காலத்தில், கணவர் செய்ய எண்ணியதைத் தாம் செய்து முடிக்க அவ்வம்மையார் துணிந்தது போற்றத்தக்கது. ஆனால், போதிய பொருள் இல்லாமையால் அம்முயற்சி தளர்ந்தது. 1924ஆம் ஆண்டில் பாரதியாரின் தம்பி விசுவநாதனும் ஹரிஹர சர்மாவும் பாரதியாரின் இளைய மருமகன் நடராசனும் கூடிப் பாரதி பிரசுராலயத்தை நிறுவினர். பின்னர்ப் பதிப்புரிமை செல்லம்மாளிடமிருந்து விலைக்குக் கைமாறிற்று. காலப்போக்கில் விசுவநாதன் ஒருவரே அதற்கு உரியவரானார்.

பிரசுராலயம் செய்த பணியை நாம் மறத்தல் கூடாது. சிதறிக் கிடந்த பாடல்களைத் தொகுத்துத் தொடர்ந்து வெளியிட்டது அதுவே. 1928ஆம் ஆண்டில் பாரதியாரின் நாட்டுப் பாடல்களை அரசினர் தடை செய்து படிகளைக் கைப்பற்றியபோது இடர்ப்பட்டதும் அதுவே. அத்தடையை எதிர்த்துச் சென்னைச் சட்டசபையில் சத்தியமூர்த்தி முழங்கினார். பின்னர்த் தடை நீங்கிற்று.

இதற்கிடையில் புதியதொரு நிலை தோன்றியது. இசைத்தட்டும் வானொலியும் பேசும் படமும் வந்தன. ஏட்டினும் விரைவாகப் பாடல்களைப் பரப்பும் ஆற்றல் அவற்றிற்கு இருந்தது. பாரதி பாடல்களை அவற்றிற் பயன்படுத்தும் உரிமை தனியே பிரித்து விற்கப்பட்டது. அது ஒரு வணிக நிறுவனத்திடம் சென்று, பின்னர்த் திரைப்படத் தயாரிப்பாளர் ஏ. வி. மெய்யப்பச் செட்டியாரை அடைந்தது. அவர் 1947ஆம் ஆண்டில் வெளியிட்ட நாம் இருவர் என்னும் படத்தின் வாயிலாகப் பாரதி பாடல்கள் பட்டிதொட்டியெல்லாம் பரவின. 1948ஆம் ஆண்டில் நாடகக் கலைஞர் டி. கே. சண்முகமும் அவர்தம் உடன்பிறந்தாரும் பில்ஹணன் என்னும் படத்தில் பாரதியாரின் பாடல் ஒன்றை அமைத்தனர். உரிமை தமக்கு உரியது என்று மெய்யப்பச் செட்டியார் தரப்பில் அவர்களுக்கு அறிவிப்பு வந்தது, வழக்கும் எழுந்தது.

சட்டத்தின்படி நோக்கினால் செட்டியார் செய்ததில் தவறில்லை. விலை கொடுத்து வாங்கிய உரிமையை அவர் வற்புறுத்தினார். ஆயினும், நாட்டின் விடுதலைக்காகப் பாடிய கவிஞரின் பாடல், நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டிலேயே வழக்குமன்றத்தில் நிற்பது மக்கள் உள்ளத்தை வருத்தியது. சட்டம் வகுத்த காலக் கணக்கைப் பார்த்தால், தனியுரிமை 1971ஆம் ஆண்டு முடியும் வரை நீடிக்க வேண்டியிருந்தது. அதுவரை பாரதி பாடலைப் பாட மக்கள் இசைவு கேட்டு நிற்பதோ என்று அறிஞர் பலர் வினவினர்.

நாட்டுடைமை

எழுத்தாளரும் கலைஞரும் ஒன்றுகூடிப் பாரதி விடுதலைக் கழகம் என்னும் அமைப்பைத் தோற்றுவித்தனர். நாரண துரைக்கண்ணன், டி. கே. சண்முகம், திருலோக சீதாராம் முதலியோர் அதன் பணியில் முன்னின்றனர். ஊர்தோறும் கூட்டங்கள் நடந்தன, இதழ்கள் எழுதின. கழகத்தார் திருநெல்வேலி சென்று செல்லம்மாளைக் கண்டு அவருடைய இசைவையும் பெற்றனர். அரசே பாரதியாரின் நூலுரிமையை வாங்கி மக்களுக்கு அளித்தல் வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை.

அப்போது சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தவர் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார். உழவர் குடியிற் பிறந்தவர். எளிமையும் நேர்மையும் உடையவர். திருவண்ணாமலை இரமண முனிவரிடம் ஆழ்ந்த பற்றுக் கொண்டவர். கல்வி அமைச்சராக இருந்தவர் தி. சு. அவிநாசிலிங்கம் செட்டியார். கோரிக்கையின் நியாயத்தை அவ்விருவரும் உணர்ந்தனர். பாரதியாரின் நூலுரிமையை அரசு ஏற்கும் என்னும் அறிவிப்பு 1949ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் வெளிவந்தது. மெய்யப்பச் செட்டியார் தம்மிடமிருந்த உரிமையை விலை எதுவும் பெறாமலே அரசுக்கு விட்டுக் கொடுத்தார். வழக்குத் தொடுத்த கையே வாரி வழங்கிய கையாகவும் ஆனது அவர்தம் பெருந்தன்மையைக் காட்டுகின்றது. விசுவநாதனுக்குப் பதினையாயிரம் ரூபாயும், செல்லம்மாளுக்கும் அவருடைய இரு புதல்வியர்க்கும் தலைக்கு ஐயாயிரம் ரூபாயும் வழங்கப்பட்டன.

வாங்கிய உரிமையை அரசு தன்னிடமே வைத்துக் கொள்ளவில்லை. அறிஞர் குழு ஒன்றை அமைத்து நூல்களைச் செப்பமாகப் பதிப்பித்தது. பின்னர், காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, 1955ஆம் ஆண்டு மார்ச்சு 14ஆம் நாள், பாரதியாரின் நூல்களை எவரும் அச்சிடலாம் என்று அறிவித்து உரிமையை மக்களுக்கே விட்டுவிட்டது. எழுத்தாளர் ஒருவரின் உரிமையை அரசு பொருள் கொடுத்துப் பெற்று மக்கள் அனைவருக்கும் பொதுவாக்கியது இந்திய நாட்டில் அதுவே முதன்முறை. கணவரின் பாட்டுக்கு விடுதலை கிடைத்த அதே ஆண்டில் செல்லம்மாள் மறைந்தார்.

இதன் பயன் விரைவிலேயே தெரிந்தது. பல பதிப்பகங்கள் போட்டியிட்டு மலிவுப் பதிப்புகளை வெளியிட்டன. நாற்பது நூல்களை வீடுதோறும் சேர்க்கலாம் என்று 1920ஆம் ஆண்டில் கவிஞர் கண்ட கனவு, அவர் மறைந்து ஒரு தலைமுறை கழிந்தபின் நனவாயிற்று. வங்கக் கவிஞர் இரவீந்திரநாத தாகூரின் நூல்களோ 2001ஆம் ஆண்டு முடியும் வரை விசுவபாரதியின் தனியுரிமையில் இருந்தன. அவ்வுரிமை முடிய இருந்த வேளையில், 1992ஆம் ஆண்டுத் திருத்தத்தால் ஐம்பது ஆண்டு என்னும் வரம்பு அறுபதாக நீட்டப்பட்டதே அதற்குக் காரணம். இந்திய நாட்டில் 1958ஆம் ஆண்டு முதல் நடைமுறையிலுள்ள பதிப்புரிமைச் சட்டத்தில் இன்றும் அந்த அறுபதாண்டு வரம்பே நிற்கின்றது. தமிழக அரசோ பாரதியார் நூல்களில் தொடங்கிய மரபைக் கைவிடாது, நூற்றுக்கு மேற்பட்ட எழுத்தாளர்களின் நூல்களை நாட்டுடைமையாக்கி, அவர்தம் குடும்பத்தார்க்குப் பரிவுத்தொகையும் வழங்கியுள்ளது.

முடிவுரை

நூலுரிமைச் சட்டம் வேண்டாதது என்று இவ்வரலாற்றைக் கொண்டு நாம் முடிவு செய்தல் பொருந்தாது. அவ்வுரிமை இருந்தமையால்தான் கவிஞரின் குடும்பத்தார் சிறிதேனும் பயன் பெற்றனர். பிரசுராலயத்தாரும் துணிந்து முதலிட்டு நூல்களை வெளியிட்டனர். உரிமையே இல்லாதிருந்த நாளில் திருப்புகழ் பாதிக்கு மேல் மறைந்ததையும் நாம் கண்டோம். ஆயினும், உரிமை என்பது வேலியாக இருத்தல் வேண்டுமேயன்றிச் சிறையாக ஆதல் கூடாது. பயிர் வளரும் வரை வேலி காக்கும். விளைந்தபின் நெல் ஊருக்கு உணவாகும்.

பிறருடைய எழுத்தை எடுத்துத் தம் பெயரால் வழங்குவதும், உரிய பொருள் தராது அச்சிடுவதும் களவேயாகும். எழுதியவருக்கு உரிய பெயரையும் பயனையும் மனமுவந்து அளிப்பது கற்றவர் கடமை. அக்கடமையைப் பாரதியார் வாழ்ந்த காலத்துத் தமிழகம் செய்யத் தவறியது; அவர் மறைந்தபின் ஒருவாறு ஈடு செய்தது. இன்று பள்ளிதோறும் மேடைதோறும் அவருடைய பாடல்களை நாம் தடையின்றிப் பாடுகின்றோம். அந்த உரிமையின் பின்னே ஒரு கவிஞரின் பசியும், ஒரு மனைவியின் துணிவும், பலருடைய ஈகையும் நிற்கின்றன என்பதை மறவாதிருப்போமாக.